முப்பத்தொரு கிராம்

வோவிங்கலில் ஏறினால்
கதவோரம் நின்றே வருவேன்.
இருவர் இருக்கையில் நானொருத்தி உட்கார்ந்தால்
பக்கத்தில் எவரும் வருவதில்லை.
அதைக் கவனிக்காத மாதிரி
எத்தனை நாள்தான் யன்னலைப் பார்ப்பது.

வுப்பர் ஆற்றுக்கு மேலே தொங்கிப் போகிற ரயில்.
தண்டவாளம் உச்சியில், பெட்டி கீழே.
வளைவுகளில்
சந்தைத் தராசின் தட்டுப்போல ஆடும்.
இத்தனை சனத்தை ஏற்றியும்
அது ஒருநாளும் என்னை மட்டும்
நிறுத்துப் பார்த்ததில்லை.

வேலை, ஆஸ்பத்திரிச் சலவைச்சாலையில்.
விரிப்பு மூட்டைகள்:
பதினெட்டு கிலோ, இருபத்திரண்டு,
ஈரமென்றால் முப்பது.
ஸ்லாவிட்சா தள்ளுவாள், நான் இழுப்பேன்.
யார் படுத்த விரிப்பென்று
தராசு கேட்பதில்லை.

குரல் கரகரத்து மூன்று வருடம்.
குடும்ப வைத்தியர் திரையைப் பார்த்தபடி சொன்னார்:
எடையைக் குறையுங்கள்.
முழங்கால் நோவுக்கும் அதையேதான் சொன்னவர்.
காதுக்குத்துக்கும்.
சோற்றை விட்டேன்.
ஆறு கிலோ போனது,
எட்டு கிலோ வந்தது,
கரகரப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.
அவர் என் கழுத்தை ஒருமுறையும் தொட்டுப் பார்க்கவில்லை.

அவர் லீவில் போன கிழமை
பதிலுக்கு வந்த டொக்டர் பிரிங்மன்
என் பின்னால் நின்று
சதைக்குள் விரல்களைப் பதித்துத் தேடி
விழுங்குங்கள் என்றார்.
விழுங்கினேன்.
இன்னொருமுறை என்றார்.

ஸ்கானுக்குத் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னார்கள்.
பதினொரு பவுண்.
கலியாணத்தன்று கை மாறிக் கை மாறி ஏந்திப் பார்த்து
நல்ல பாரம், நல்ல பாரம் என்றார்கள்.
என்னில் இருந்த பாரத்துக்கு
ஊர் சந்தோசப்பட்டது
அந்த ஒருநாள்தான்.

செய்தி போய்ச் சேர்ந்து
சோலிங்கனிலிருந்து மச்சாள் எடுத்தாள்:
'உடம்பு வைச்சால் இந்தக் கான்சரும் வருமாம்,
நெற்றில கிடக்கு.'
கிடக்கட்டும் என்று போனை வைத்தேன்.
கிடக்கவில்லை,
இரவு முழுக்க எழும்பி நடந்தது.

பிரிங்மனிடம் நேரே கேட்டேன்:
என் உடம்பாலா?
அவர் பேனாவை மூடினார்.
'லட்சம் பேரை எண்ணினால்
பாரமானவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. உண்மை.
உங்களை மட்டும் எண்ணினால்
ஒன்று என்றுதான் வரும்.
ஒன்றிலிருந்து காரணம் எடுக்க எனக்குத் தெரியாது.'
எனக்கு விளங்கட்டுமென்று மெதுவான ஜெர்மனில் சொன்னார்.
வீட்டுக்குக் கொண்டுவந்து
தமிழில் பிரித்துப் பார்த்தேன்.
குற்றமும் இல்லை,
விடுதலையும் இல்லை.

எடுத்துவிட்டார்கள்.
அறிக்கை வந்தது:
சுரப்பி, முழுவதும், முப்பத்தொரு கிராம்.
நாலு பவுணுக்கு ஒரு கிராம் குறைவு.
அதற்குள் கட்டி,
ஊறின கடலையளவு.

தொண்ணூற்று நாலு கிலோவில்
என்னைத் தின்னப் பார்த்தது அந்தக் கடலை.
மிச்சமெல்லாம்
விடியப்புறம் எழும்பி
என்னைத் தூக்கிக்கொண்டு
வேலைக்குப் போய்வந்தது.
இதை மச்சாளுக்குச் சொல்லலாம்.
சொல்லவில்லை.

இப்போது நாலேமுக்காலுக்கு
வெறும் வயிற்றில் ஒரு குளிசை,
அரை மணித்தியாலம் தேத்தண்ணி கிடையாது.
எடையைக் கேட்டுத்தான் அளவு எழுதினார்கள்.
வாய் பழக்கத்தில்
எண்பத்து என்று தொடங்கியது.
குறைத்துச் சொன்னால் மருந்தும் குறையுமாம்.
தொண்ணூற்று நாலு என்றேன்,
வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்க,
இன்னும் கரகரக்கிற குரலில்.

கொடி அலுமாரிக்குள் கிடக்கிறது.
போட்டால் தழும்பில் உரசும்.
எப்ப போடப்போறாய் என்று
நேற்றும் கேட்டார் குகதாசன்.

பாரமாயிருக்கு என்றேன்.